லிஃப்டில் சொல்லாத பாதி

என் தங்கையைக் கட்டிக்கொண்டவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினார். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இது இப்படி இருக்காது, அது அப்படி நடந்திருக்காது என்று நடுவில் யாரும் திருத்த வேண்டாம். கூடவே இருந்தவள் நான்.

"லிஃப்டை என்னத்த ஓட்டுறது? அது பாட்டுக்குப் போகுது, இவரு பாட்டுக்கு நிக்கிறாரு" என்று எங்கள் வீட்டு ஆண்கள் கேலி பேசுவார்கள். அவர்கள் யாரும் அந்த லிஃப்டில் ஏறினதில்லை. பழைய காலத்து லிஃப்ட் அது. இரும்புக் கம்பிக் கதவைக் கையால் இழுத்து மூட வேண்டும். பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால் ஏறும், பழையபடி திருப்பினால் நிற்கும். ஒரு விரல்கடை தப்பினால் தரை மேலும் கீழுமாக நிற்கும், தள்ளுவண்டியின் சக்கரம் இடிக்கும், வயிற்றில் தையல் போட்டவர்கள் "ஐயோ" என்பார்கள். இவர் நிறுத்தினால் தரையும் தரையும் ஒட்டிப் பிறந்த மாதிரி நிற்கும். ஒல்லியான ஆள், நீளக் கழுத்து. காக்கிச் சட்டையின் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையலாம். உட்கார ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். அதில் தண்ணீர்ப் பாட்டிலை உட்கார வைத்துவிட்டு இவர் நிற்பார்.

அதற்கு முன்னால் புத்தகம் பைண்டிங் பண்ணும் கடையில் இருந்தார். பசை காய்வதற்குள் பழைய பேப்பரை எடுத்துப் படிப்பாராம். அங்கே பிடித்த பழக்கம், லிஃப்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. பேப்பரின் மூலையில் தினமும் ஒரு பெட்டி வரும். 'இதே நாளில்' என்று அதற்குத் தலைப்பு. எந்த வருஷமோ, எந்த தேசமோ, இன்றைய தேதியில் நடந்த நாலு விஷயம் அதில் இருக்கும். எனக்கு ஒரு வரி படிக்க வராது. அவர் வீட்டுக்கு வந்தால் அவர்தான் எனக்குப் பேப்பர். டீக்கடையில் அதை ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான். பசை போட்டு ஒட்டின மாதிரி மண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கு அதைச் சொல்வார். இரண்டாம் மாடி எலும்பு வார்டுக்குப் போகிறவருக்குச் சின்னதாக ஒன்று: "இதே நாள்லதான் முதமுதல்ல போன்ல பேசினாங்க." ஆறாம் மாடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறவருக்கு நீளமாக ஒன்று. அண்ணன் தம்பி இரண்டு பேர் முதல்முதலாக விமானத்தில் பறந்த நாளைச் சொல்லும்போது, "மொத்தம் பன்னெண்டே விநாடி பறந்தாங்க. நாம ஆறாவது மாடி போறதுக்குள்ள அவங்க பல தடவை ஏறி இறங்கியிருப்பாங்க" என்பார். உலகத்திலேயே உயரமான சிகரத்தில் ஏறின நாளில், "லிஃப்ட் இல்லாமலே போனாங்க, பாவம்" என்பார். பயந்துபோய் வந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் சிரித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்கு 'இதேநாள்காரர்' என்றே பெயர். டாக்டர்கள் படியேறினால் சீக்கிரம் போகலாம் என்ற நேரத்திலும் லிஃப்டுக்காக நிற்பார்கள்.

ஒரு விஷயம் மட்டும் கட்டுப்பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான்காம் மாடியில் இருக்கும் குழந்தையைப் பார்க்கப் போன ஒரு தாயிடம், இதே நாளில் ஒரு ரயில் கவிழ்ந்தது என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அவள் அங்கேயே கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டாளாம். பெரிய சிஸ்டர், அதாவது நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி, இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்க வர்றவங்க ஏற்கனவே பாதி உயிரோட வர்றாங்க. சொன்னா நல்லது மட்டும் சொல்லு. இல்லன்னா வாயைத் திறக்காத" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நல்லது மட்டும்தான். பேப்பர்க்காரன் நாலு விஷயம் போட்டால் அதில் மூன்று சாவாக இருக்கும். அந்த மூன்றையும் இவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பேப்பரோடு போயிருக்கும் என்றுதான் நினைத்தோம்.

என் தங்கை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடுப்புக்கு ஓரம் அடித்துக் கொடுப்பவள். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படியில் வாங்கியது. பிறகு தையல் மெஷின் மிதிக்கையில் வாங்கியது. பிறகு தலை வாரும்போதே வாங்கியது. இவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே காட்டினோம். ஐந்தாம் மாடி இதய டாக்டர் சிரித்த முகக்காரர், லிஃப்டுக்காக நிற்கிறவர்களில் அவரும் ஒருவர். மேசை மேல் திறந்து மூடுகிற பிளாஸ்டிக் இதயம் ஒன்று இருந்தது. அதைத் திறந்து உள்ளே காட்டினார்.

"உள்ள ஒரு கதவு இருக்கும்மா. வால்வுன்னு சொல்வோம். அது துருப்பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு, முழுசா திறக்கல. உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க, லிஃப்ட் கதவு பாதி திறந்தா என்ன ஆகும்னு."

"ஆளுங்க கத்துவாங்க" என்றாள் தங்கை.

"அதேதான். உங்க நுரையீரல் கத்துது. கதவை மாத்திடலாம்."

அப்புறம் டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். பரிசு கொடுக்கப் போகிறவர் மாதிரி முகம். "தேதி நானே பாத்து வச்சுட்டேன். டிசம்பர் மூணு. உங்க நாள்தானே! உலகத்துலயே முதமுதல்ல ஒரு மனுஷனோட இதயத்தை எடுத்து இன்னொருத்தருக்கு வச்ச நாள். வருஷா வருஷம் எனக்கே சொல்வீங்களே."

இவர் சிரிப்பார் என்று நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தோம். முகத்தில் ரத்தமே இல்லை.

"வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்?"

"அந்தத் தேதி வேண்டாம்."

டாக்டர் விளையாட்டு என்று நினைத்து, "சரி, ரெண்டாம் தேதி?" என்றார். வேண்டாம். ஒன்றாம் தேதி? வேண்டாம். அதற்கு முந்தின நாள்? அதற்கும் தலையாட்டினார். டாக்டரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "இங்க பாருங்க, மூணாம் தேதி விட்டா நான் வெளிநாடு போறேன், வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கதவு தாங்காது. நீங்க இந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கறவர், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். என் தங்கை அந்தப் பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினேன். வராந்தாவில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, உனக்கென்ன கிறுக்கா? அவ மூச்சுக்கு அல்லாடுறா, நீ தேதி பாக்கிற. அதுவும் நீயே வாய் வலிக்கச் சொல்ற நாளு!"

"அண்ணி, நான் பாதிதான் சொல்வேன்."

"என்ன பாதி?"

"அந்த மனுஷனுக்கு இதயம் வச்சாங்கன்னு சொல்வேன். எத்தனை நாள் இருந்தாருன்னு சொன்னதில்ல. பதினெட்டு நாள், அண்ணி. நெஞ்சுல சளி கட்டிப் போயிட்டாரு." குரல் தணிந்தே இருந்தது. "அது ஒண்ணு. பல வருஷம் கழிச்சு அதே தேதியில, ஒரு ஊர்ல பூச்சிமருந்து ஆலையில இருந்து விஷக்காத்து கசிஞ்சுது. சனங்க தூங்கிட்டு இருந்தாங்க. எழுந்து ஓடினவங்கதான் கூடுதலா மூச்சு இழுத்தாங்க, ஓடினதால. ஆயிரக்கணக்குல செத்தாங்க. எல்லாரும் மூச்சு முட்டிச் செத்தாங்க. இவளுக்கும் மூச்சுதானே அண்ணி?"

இதயத்துக்கும் அந்தக் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டும், கேட்க வரவில்லை. பிடிவாதத்தில் வேறு ஒன்றைக் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. என் மூத்தவன் பிறந்த தேதியைச் சொல்லி, "அன்னைக்கு என்ன?" என்றேன்.

"பூகம்பம்."

"எனக்குக் கல்யாணம் ஆன நாளு?"

"ரயில் ஆத்துல விழுந்துச்சு. ராத்திரி நேரம், பாலம் போனது யாருக்கும் தெரியல."

யோசிக்கவே இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி வந்தது. என் பிள்ளை பிறந்த நாளை நான் எத்தனை வருஷம் கொண்டாடியிருக்கிறேன்! அதற்கு அடியில் இடிந்த வீடுகள் கிடந்திருக்கின்றன, இந்த மனுஷன் பாயசக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி சிரித்திருக்கிறார். "அதை ஏன் எங்கிட்ட சொன்ன?" என்று கத்தினேன். நானே கேட்டதை மறந்துவிட்டு அவரைத் திட்டினேன்.

"நீங்கதானே கேட்டீங்க" என்றார் பாவமாக.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "அவகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி" என்று கெஞ்சினார். நான் சரி என்று சொல்லவில்லை. வீட்டில் முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு குட்டிக் கால்சட்டைக்குக் கையால் ஓரம் தைத்துக்கொண்டிருந்த தங்கையிடம், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் உயிர், அவளுக்குத் தெரிய வேண்டும். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

முதலில் சிரித்தாள். "எனக்கு யாரு இதயத்தை மாத்தறாங்க? கதவைத்தானே மாத்தறாங்க? இவரு லிஃப்டையே மாத்தறதா நெனச்சுட்டாரா?" என்றாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றபோது ஊசி கையிலிருந்து நழுவிக் கிடந்தது. அவள் அதைத் தேடவில்லை.

"அக்கா, இவரு தூக்கத்துல நம்பர் சொல்வாரு."

"என்ன நம்பர்?"

"நாலு. பதினேழு. நாப்பது. கல்யாணமான புதுசுல இருந்து சொல்வாரு. பகலெல்லாம் மாடி மாடியா ஏறி இறங்குற ஆளு, கனவுலயும் லிஃப்ட் ஓட்டறாருன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துக்குவேன். ஒரு தடவை எண்ணூத்தி பன்னெண்டுன்னாரு. காலையில, 'ஏங்க, உங்க ஆஸ்பத்திரியில எண்ணூத்திப் பன்னெண்டாவது மாடிகூட இருக்கா'ன்னு கிண்டல் பண்ணேன். அவரும் சிரிச்சாரு, அக்கா."

இதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒரு கூரைக்குக் கீழே, ஒரு பாயில், இத்தனை வருஷம். இவள் தூங்கியிருக்கிறாள், பக்கத்தில் அவர் செத்தவர்களை எண்ணியிருக்கிறார்.

அவர் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"நான் பொறந்த நாளுக்கு என்னங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் தங்கை.

அவர் பாக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. "தெரியாது."

"பொய் சொல்லாதீங்க. அக்காவுக்கு மட்டும் கடகடன்னு சொன்னீங்களாமே."

"நிசமாவே தெரியாது. வருஷத்துல அந்த ஒரு நாள் மட்டும் நான் பேப்பரைத் தொட மாட்டேன். லிஃப்டுலயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அன்னைக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிடுவேன்."

பால் பாக்கெட்டிலிருந்து தரையில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவள், "மூணாம் தேதியே வச்சுக்கலாம்" என்றாள்.

"வேண்டாம்மா, நான் சொல்றதைக் கேளு…"

"நீங்க கேளுங்க. எந்தத் தேதிக்கு நீங்க சரின்னு சொல்வீங்க? ஒரு தேதி சொல்லுங்க, அன்னைக்கே போறேன்."

அவர் வாயைத் திறந்தார். அந்த மனுஷன் மனதுக்குள் காலண்டரை ஒவ்வொரு தாளாகக் கிழிப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. ஜனவரி போனது, பிப்ரவரி போனது. வாய் திறந்தபடியே இருந்தது, ஒரு தேதியும் வரவில்லை.

"பாத்தீங்களா" என்றாள் தங்கை. "கையெழுத்தை நான் போட்டுக்கறேன். நீங்க அன்னைக்கு லிஃப்டை மட்டும் ஓட்டுங்க. புது ஆளு ஓட்டினா சக்கரம் இடிக்கும்."

மூன்றாம் தேதி காலையில் பச்சை உடுப்பு மாட்டி, தலையில் துணித் தொப்பி போட்டு அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். லிஃப்டில் அவர், அவள், நான், வண்டி தள்ளுகிற ஊழியர். அந்த ஊழியர் நல்ல மனுஷன், விஷயம் தெரியாது. "அண்ணே, இன்னைக்கு இதயம் மாத்தின நாளாச்சே! சொந்த வீட்டம்மா போறாங்க, இன்னைக்குப் பாத்து வாயை மூடிட்டீங்களே?" என்றார். இவர் பித்தளைக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை காலருக்குள் இறங்கியது. தங்கை படுத்தபடியே கையை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஆறாம் மாடியில் தரையும் தரையும் ஒட்டினது. வண்டி போவதே தெரியாமல் போனது.

அதற்கப்புறம் லிஃப்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, தியேட்டர் வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தது. நம்பர் சொல்கிறாரோ என்று பயந்து குனிந்து கேட்டேன். நம்பர் இல்லை, அவள் பெயர்தான்.

டாக்டர் வெளியே வந்தபோது முகமூடி ஒரு காதில் தொங்கியது. "கதவு ஜம்முனு திறக்குது. இனிமே படியேறி வந்தே உங்ககூட சண்டை போடுவாங்க" என்றார்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். இவர் அழவில்லை. எழுந்து நின்று, "சார், இன்னைக்கு இந்தக் கட்டடத்துல யாராவது போனாங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் திடுக்கிட்டுப் போனார். "என்னங்க கேள்வி இது?"

"சும்மாதான் சார். போனாங்களா?"

"ஆஸ்பத்திரி இது" என்றார் டாக்டர் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னார்.

டீ குடிக்கலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். லிஃப்ட் வந்ததும் அதிலிருந்த புது ஆளை, "நீ போய்ச் சாப்பிடு, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். ஐந்தாம் மாடியில் மணி அடித்தது. கதவை இழுத்தால், தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி மூடின தள்ளுவண்டி, அதைத் தள்ளிக்கொண்டு ஓர் ஊழியர். கூட ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு மூக்குக்கண்ணாடியும் ஒரு ஜோடி செருப்பும் தெரிந்தன. பிணவறை தரைக்குக் கீழே இருக்கிறது. ஆறு தளம் இறங்க வேண்டும்.

நாலாம் மாடி தாண்டியபோது அந்தப் பெண் இவரைப் பார்த்தாள். "அண்ணே, தினமும் ஒண்ணு சொல்வீங்களே. நீங்க சொல்றதைப் போய் அம்மாகிட்ட சொல்வேன், கேட்டுச் சிரிப்பாங்க. இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே?"

ஏதாவது நல்லதாகச் சொல்லி வைப்பார் என்று நினைத்தேன். அந்த இதயக் கதையைச் சொல்லிவிடாமல் இருக்க வேண்டுமே என்றும் நினைத்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்தபடியே அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"இன்னைக்கு உங்க அம்மா செத்துப்போனாங்கம்மா. மேல ஆறாவது மாடியில என் வீட்டுக்காரி பொழைச்சுக்கிட்டா. ரெண்டும் இன்னைக்குத்தான்."

வண்டி தள்ளுகிற ஊழியர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தாயைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது! அவள் அறைந்தால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன்.

அவள் அறையவில்லை. "காலையில இருந்து எல்லாரும் 'பாடி'ன்னு சொல்றாங்க அண்ணே" என்றாள். "பாடியை எடுத்துக்கோங்க, பாடிக்குக் கையெழுத்துப் போடுங்கன்னு. அம்மான்னு யாருமே சொல்லல." அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது, அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. கொஞ்சம் அடங்கினதும் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "உங்க வீட்டம்மாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

"ஐம்பத்திரண்டு."

"பாத்துக்கோங்க" என்றாள்.

கீழே போய் லிஃப்ட் நின்றது. சக்கரம் இடிக்கவில்லை. வண்டியும் அவளும் நீளமான வராந்தாவில் போனார்கள். இவர் கதவை மூடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். மேலே ஒரு மாடியில் மணி அடித்தது. இன்னொரு மாடியிலும் அடித்தது. பிறகு எல்லா மாடியிலிருந்தும் சேர்ந்து அடித்தார்கள்.

"தம்பி, கூப்பிடுறாங்க" என்றேன்.

"கூப்பிடட்டும் அண்ணி" என்றார்.